ரேடியேட்டர் மூடியில் ஒரு துணி

புருஷன் போனபின் சில பேர் அழுதுகொண்டே இருப்பார்கள், சில பேர் பேசிக்கொண்டே இருப்பார்கள். மேல்வீட்டுக்காரி துவைத்துக்கொண்டே இருந்தாள். அவர் போட்ட சட்டை, போடாத சட்டை, திரைச்சீலை, தலையணை உறை, சாக்கு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சோப்புத் தண்ணீரில் முக்கினாள். கோடை முடிகிற சமயம் அவர் போனார். மரத்தில் இலையெல்லாம் உதிர்ந்து முடிந்தும் அவளுக்குத் துவைத்து முடியவில்லை. வீட்டில் இருப்பது ஒருத்தி, அழுக்குக்கு எங்கே போவாள்? துவைத்ததையே எடுத்து மறுபடி துவைத்தாள்.

மகன் நகரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் போன் செய்வான். "இந்தக் குளிர்காலம் மட்டும் பாரும்மா. முடியலைன்னா உன் பங்கை வித்துட்டு வந்துடு. உனக்கு ரூம் தயாரா இருக்கு" என்பான். அந்த ரூமை அவள் பார்த்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கை நீட்டினால் அந்த வீட்டுக்காரன் பல் துலக்குவதைத் தொட்டுவிடலாம். "பாக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவளுக்குக் கணக்குத் தெளிவாக இருந்தது. மாட்டுக்கு மேட்டுக் கொல்லையிலிருந்து வைக்கோல் வர வேண்டும். வைக்கோல் வர டிராக்டர் ஓட வேண்டும். அது நின்ற அன்றைக்கு மாடு போகும், மாட்டுக்குப் பின்னால் அவளும் போக வேண்டியதுதான்.

டிராக்டரோ அரதப் பழசு. ஸ்டார்ட் செய்தால் நாலு இருமல் இருமிவிட்டுத்தான் ஓடும். அதனால் இரண்டு வீட்டிலும் அதற்கு இருமல்காரன் என்று பேர். இரண்டு வீடு என்றால் மேல்வீடு ஒன்று, முற்றத்துக்கு அந்தப் பக்கம் கீழ்வீடு ஒன்று. மேல்வீட்டில் அண்ணன், கீழ்வீட்டில் தம்பி. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலிப் படலை யார் திறந்து போட்டது என்று ஒரு பேச்சு வந்தது. மாடு உள்ளே புகுந்து கிழங்குப் பாத்தியை உழக்கிவிட்டது. கிழங்கு அடுத்த வருஷம் முளைத்துவிட்டது. அன்றைக்கு வாயைவிட்டுப் போன வார்த்தை திரும்பி வரவில்லை. நிலத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள். டிராக்டரை நடுவில் அறுக்க முடியாதே. கொட்டகைக்கு இரண்டு பக்கமும் கதவு வைத்து, வாரத்தில் பாதி நாள் இவருக்கு, பாதி நாள் அவனுக்கு என்று வைத்துக்கொண்டார்கள். சாகிறவரை அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆண்கள் சண்டை போட்டால் பெண்களும் வாயை மூட வேண்டும் என்று எவன் சொன்னானோ தெரியாது. அவள் புருஷன் சொன்னார். "அந்த வீட்டோட உனக்கு என்ன பேச்சு?" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். முற்றத்து நடுவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணிக்கொடி உண்டு. அவளும் கீழ்வீட்டு ஓரகத்தியும் காலையில் அங்கேதான் சந்திப்பார்கள். ஓரகத்தி வரும்போதே, "அக்கா, இன்னைக்குத் துணி காயுமா?" என்று கேட்டுக்கொண்டு வருவாள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அதே கேள்விதான். அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு சிரிப்பு, பிறகு ஊர்க்கதை. சண்டைக்கு மறுநாளும் ஓரகத்தி கேட்டாள். இவள் பதில் சொல்லாமல் சட்டையை உதறிப் போட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒரு வாரம் கேட்டிருப்பாள், பாவம். பிறகு வேறு நேரத்தில் துணி காயப்போட ஆரம்பித்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்ததும் ஒத்தாசைக்கு என்று நகரத்துக்குப் போனவள், குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் திரும்பவில்லை. பேச ஆளில்லாத இடத்துக்கு எதற்குத் திரும்ப வேண்டும்?

அண்ணன் செத்த அன்று கொழுந்தன் வந்தான். தோள் கொடுத்தான், மண் போட்டான், போனான். அதற்குப் பிறகு அவள் மாட்டுக்கும் அவனே வைக்கோல் கொண்டுவந்து போட்டான். அவள் கொட்டகைக் கதவடியில் ஒரு தூக்கில் பால் வைப்பாள், சாயங்காலம் கழுவிய தூக்கு அங்கேயே இருக்கும். ஒரு வார்த்தை கிடையாது. தடுத்தவர்தான் போய்விட்டாரே, பேசினால் என்ன என்று கேட்கலாம். பேசாமல் இருப்பதும் ஒரு வேலை மாதிரி. வருஷக்கணக்காகச் செய்துவிட்டால் கை தானாக அதைத்தான் செய்யும்.

அப்படி இருக்கும்போதுதான் அவள் அந்தத் துணியைப் பார்த்தாள். தூறல் போட்டது என்று ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினாள். இருமல்காரனின் மூக்குக்கு மேலே, ரேடியேட்டர் மூடியைச் சுற்றி, கன்னங்கரேலென்று ஒரு பழந்துணி கட்டியிருந்தது. எண்ணெயும் கரியும் ஏறி விறைத்துப் போயிருந்தது. விடுவாளா? அவிழ்த்துக்கொண்டு போய்ச் சோப்பில் ஊறப்போட்டாள். மூன்று தண்ணீர் கறுப்பாகவே போயிற்று. நாலாவது தண்ணீரில் சிவப்புக் கட்டம் தெரிந்தது.

அவள் கை அப்படியே நின்றது. அது ஒரு சட்டையின் கை. அவளே வெட்டி, அவளே தைத்த சட்டை. ஒருநாள் மனுஷர் ஒரு கை இல்லாமல் வீட்டுக்கு வந்தார். "வேலியில மாட்டிக் கிழிஞ்சு போச்சு" என்றார். கிழிந்த கை எங்கே என்றதற்கு, "காத்துல போச்சு" என்றார். காற்றில் போன கை இத்தனை வருஷம் கழித்து வண்டி மூடியில் எப்படி வந்து உட்கார்ந்தது? யாரைக் கேட்பது? காய்ந்ததும் இஸ்திரி போட்டு, மற்றச் சட்டைகளோடு அடுக்கி வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் ரேடியோக்காரன் உறைபனி வருகிறது என்றான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவளுக்கு வண்டி ஞாபகம் வந்தது. வருஷாவருஷம் குளிருக்கு முன்னால் அவர் கொட்டகையில் ஏதோ பச்சையாகக் கலக்குவார். கடைக்காரன் அதைக் கூலன்ட் என்பான், வீட்டில் பச்சை மருந்து. அது இல்லாத வெறும் தண்ணீர் உள்ளே உறைந்தால் இஞ்சினின் இரும்பையே பிளந்துவிடும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறாள். இந்த வருஷம் ஊற்றியாயிற்றா? கொழுந்தன் ஊற்றியிருப்பான், அவனுக்கும் பாதி வண்டி இல்லையா? போய் ஒரு வார்த்தை கேட்டால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடாது. ஆனாலும் அவள் போகவில்லை. கீழ்வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவனும் தனியாக ஏதோ உரித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள்.

விடிந்தபோது முற்றம் வெளுத்துக் கிடந்தது. கொடியில் மறந்துவிட்ட துண்டு பலகை மாதிரி நின்றது. கொட்டகையில் இருமல்காரன் நாலு இருமல் இருமிக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. ஆனால் இன்றைக்கு அந்தச் சத்தத்தில் ஒரு வறட்சி இருந்தது. வண்டி வேலிப் படலைத் தாண்டியிருக்கும். சட்டென்று நின்றது. பெயின்ட் கருகுகிற நாற்றம் சமையலறைவரை வந்தது.

எட்டிப் பார்த்தாள். வண்டியின் மூக்கிலிருந்து புகை. கொழுந்தன் இறங்கி நின்று இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தான். வண்டி சூடானால் தண்ணீர் ஊற்ற வேண்டும், இது யாருக்குத்தான் தெரியாது? கிணற்றடியில் இருந்த வாளியைத் தூக்கினாள். மேலே படிந்திருந்த பனித்தகடு உடைந்து கலகலத்தது. அந்த வயசிலும் அப்படி ஓடினாள். அவன் மூடியைத் திறந்து வைத்திருந்தான். அவள் வாளியைத் தூக்கிச் சரிக்கப் போனாள்.

"ஊத்தாதீங்க அண்ணி!"

முற்றத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினான். கத்தினதோடு நிற்காமல் வாளியைப் பிடுங்கி வீசினான். தண்ணீர் அவள் காலெல்லாம் தெறித்தது.

"கொதிக்கிற இரும்புல பச்சைத் தண்ணி பட்டா வெடிச்சிடும் அண்ணி! அப்புறம் காயலான் கடைக்குத்தான் போகும்!"

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. தாங்கள் பேசிவிட்டோம் என்பது அவர்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் நனைந்த காலைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் கடைசியில். குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"உள்ள சொட்டுத் தண்ணி இல்லை."

"முள்ளைப் பாக்க மாட்டியா? சூடு காட்டுமே!"

"தண்ணி இருந்தாத்தானே அண்ணி முள்ளுக்குச் சூடு தெரியும். அது பாட்டுக்குத் தூங்குது."

"இஞ்சின் போச்சா?"

"தெரியலை. ஆறட்டும். தானா ஆறணும், நாம ஒண்ணும் செய்யக் கூடாது. ஆறினதுக்கு அப்புறம் ஊத்திப் பாத்தாத்தான் தெரியும்."

அவளுக்கு அந்த ரூம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எதிர்வீட்டுச் சுவர், அதில் ஓடும் குழாய், எல்லாம். அங்கேயே வண்டியின் பின்பெட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் டீயும், ரொட்டியும், உப்புப் போட்ட வெந்த உருளைக்கிழங்கும் எடுத்து வந்தாள். ஆறுகிறவரை சும்மா இருக்க முடியுமா? அவனும் பெட்டியின் மறு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். நடுவில் மூன்று ஆள் உட்காரலாம்.

"தண்ணி இல்லாம ஏன்டா எடுத்தே?" என்றாள். அவள் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு திரிந்தவன், அதனால் 'டா' தானாக வந்துவிட்டது.

"நீங்க ஊத்திட்டீங்கன்னு நினைச்சேன்."

"நானா? நான் எப்போ ஊத்தினேன்?"

"துணியை அவுத்துட்டீங்களே."

"எந்தத் துணியை?"

"மூடியில கட்டியிருந்தேனே. பழைய தண்ணியை எறக்கிட்டு, ரேடியேட்டர்ல ஒண்ணு, இஞ்சின் பிளாக்குல ஒண்ணு, ரெண்டு திருகையும் மூடிட்டு, வழக்கம்போல கட்டினேன்."

"என்ன வழக்கம்?"

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "உங்களுக்குத் தெரியாதா அண்ணி? துணி கட்டியிருந்தா உள்ள காலின்னு அர்த்தம். அதைப் பாத்து அண்ணன் மருந்து கலந்து ஊத்திட்டு, அவுத்து ஆணியில மாட்டிடுவாரு. துணி இல்லைன்னா வண்டி தயார். இந்த வருஷம் கட்டினதுக்கு அப்புறம்தான் நினைச்சேன், யாருக்குடா கட்டறேன்னு. ஆனா அவுக்க மனசு வரலை. மறுநாள் வந்து பாத்தா துணி இல்லை. அண்ணி ஊத்திட்டாங்கன்னு…" நிறுத்தினான். "சந்தோஷமா இருந்துது அண்ணி. வீட்டுக்குப் போய்த் தனியா உக்காந்து சிரிச்சேன்."

"அழுக்கா இருந்துதுன்னு நான் துவைக்க எடுத்தேன்டா!"

"துவைக்கவா?"

"இஸ்திரிகூடப் போட்டு வெச்சிருக்கேன்."

அவன் அவளையே பார்த்தான். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தான்.

"சரி, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி நீ மூடியைத் திறந்து ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?"

"பாத்தா நம்பலைன்னு ஆயிடுமே. துணி அவுத்திருந்தா, அண்ணன் இருந்தப்பகூட நான் திறந்து பாத்ததில்லை."

அவளுக்கு அதற்குமேல் டீ இறங்கவில்லை. "எப்போலேர்ந்து இந்தத் துணிப் பேச்சு?"

"சண்டை போட்ட வருஷமேதான். முதல்ல கட்டினது அண்ணன். காலையில போறேன், மூடியில புதுச் சட்டைக் கை தொங்குது. என்னடா இது, செய்வினையான்னு பயந்துட்டேன். மூடியைத் திறந்தா உள்ள காலி. நான் தெரியாம எடுத்து ஓட்டிடுவேன்னு, கையில வேற துணி இல்லை போல, போட்டிருந்த சட்டையையே கிழிச்சுக் கட்டியிருக்காரு. அந்த வருஷம் நான்தான் ஊத்தினேன். அதிகமாப் போட்டா நல்லதுன்னு வெறும் மருந்தையே ஊத்திட்டேன். கடுங்குளிர்ல அது கூழா இறுகிப் போச்சு. தண்ணி சேராட்டி மருந்தும் உறையும்னு அப்போ எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு என்ன கோபமோ! அடுத்த வருஷத்துலேர்ந்து தண்ணி எறக்கறது மட்டும் எனக்கு, கலக்கறது அவருக்கு. மத்ததுக்கும் துணிதான். ஸ்டியரிங்ல கட்டினா எண்ணெய் மாத்தணும். சீட்டுல போட்டா…"

"போதும்" என்றாள்.

அவளுக்குள் ஏதோ கொதித்து மேலே வந்தது. "அப்போ நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க."

"பேச்சுன்னு இல்லை அண்ணி…"

"அதுக்குப் பேர் என்ன? என்கிட்ட 'அந்த வீட்டோட என்ன பேச்சு'ன்னு சொல்லிட்டு, அந்த மனுஷன் நான் தெச்ச சட்டையைக் கிழிச்சு உன்கூடப் பேசியிருக்காரு! நான் பைத்தியக்காரி. உன் பொண்டாட்டி ஒரு வாரம் கொடியடியில நின்னு கேட்டா, துணி காயுமான்னு. நான் பதில் சொல்லலை. இவருக்காகச் சொல்லலை. ஆம்பளைங்க நீங்க ஓட்டைத் துணியில பேசிக்கிட்டீங்க, நாங்க ஒரே கொடியில துணி போட்டும் ஊமையா இருந்தோம். யாருக்காகடா இருந்தோம்?"

அவள் அழுதாள். புருஷன் செத்ததற்கு அழாத அழுகையும் சேர்ந்து வந்தது. வருஷக்கணக்காக ஒரே படுக்கையில் படுத்தும் அந்த ஆள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். குளிரில் ஒரு கை இல்லாத சட்டையோடு வீட்டுக்கு நடந்து வந்தாரே என்ற பாவம் ஒரு பக்கம்.

வெயில் ஏறிப் பனி சொட்ட ஆரம்பித்தது. கொழுந்தன் எழுந்து இஞ்சினில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "ஆறிடுச்சு. ஆனா எப்படிக் கலக்கறதுன்னு எனக்குத் தெரியாதே அண்ணி. ஒரு தடவை கலந்தேன், அதுவும் தப்பு. டப்பாவுல போட்டிருந்தது அழிஞ்சு போச்சு."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு யோசித்தாள். அவளுக்குக் கலக்கத் தெரியாது. ஆனால் அதைக் கலக்கியபோதெல்லாம் அவரோடு போட்ட சண்டை ஒன்றுவிடாமல் தெரியும்.

"மழைத் தண்ணிப் பீப்பாய்ல கை வெக்க விடமாட்டாரு. கிணத்துத் தண்ணி உள்ள உப்புப் பூக்கும்பாரு. எனக்குத் துவைக்கத் தண்ணி போச்சேன்னு கத்துவேன்."

"அப்போ மழைத் தண்ணி."

"என் பால் குவளையை எடுத்து அளந்தாரு. விஷத்தைப் போய்ப் பால் குவளையிலயான்னு அடிக்கவே போயிட்டேன். அப்புறம்தான் அடையாளத்துக்கு அந்தக் குவளையோட உதட்டை வெட்டி, தனியா ஆணியில மாட்டினாரு."

"எப்படி அளந்தாரு?"

"டப்பாவுலேர்ந்து ஒண்ணு, பீப்பாய்லேர்ந்து ஒண்ணு. திரும்ப ஒண்ணு, ஒண்ணு. சமையல்கூட இவ்வளவு பதமாப் பண்ண மாட்டான் மனுஷன். ஊத்தறதுக்கு முன்னாடியே வாளியில கலக்கிடுவாரு, என் துணி கிண்டற கம்பை எடுத்து. அதோட ஒரு முனை இன்னும் பச்சை."

ஒன்றுக்கு ஒன்றாக அளந்து வாளியில் ஊற்றிக் கம்பால் கிண்டினாள். பளபளவென்று பச்சையாக, குடித்துப் பார்க்கலாம் போல இருந்தது. நாய் வந்து நக்கிவிடாதபடி சிந்தியதை அவன் உடனே மண் போட்டுத் துடைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக ரேடியேட்டருக்குள் ஊற்றினார்கள். கழுத்துவரை நிறைந்தது. அவன் ஸ்டார்ட் செய்தான்.

இருமல் ஒன்று. இரண்டு. அப்புறம் ஒன்றும் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி திருகினான். மூன்று, நாலு, ஓடியது.

"இதோட முடியலை அண்ணி. உள்ள பாருங்க. குமிழி வரும். முதல்ல வர்றது காத்து, அது நின்னுடும். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா இஞ்சின் தலை கோணிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் நம்ம கையில இல்லை."

இரண்டு தலையும் அந்தச் சின்ன வாய்க்குமேல் குனிந்தன. குமிழி வந்தது. வந்துகொண்டே இருந்தது. இஞ்சின் கதகதப்பு முகத்தில் அடித்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். 'நில்லு, நில்லு' என்று உதடு முணுமுணுத்தது. பச்சையில் ஒரு குமிழி, ஒரு பெரிய குமிழி, பிறகு சின்னதாக ஒன்று. பிறகு மேல்மட்டம் சரக்கென்று கீழே இறங்கி, உள்ளே தண்ணீர் ஓட ஆரம்பித்தது. குமிழி இல்லை.

"சுத்துது" என்றான் அவன். "பொழைச்சுட்டான் அண்ணி."

இறங்கிய அளவுக்கு இன்னும் ஒரு குவளை கலந்து ஊற்றி மூடினார்கள். வைக்கோல் வந்தது. மாடு தின்றது. சாயங்காலம் அவரவர் கதவு வழியாக அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவள் வீடு எப்போதும்போல அமைதியாக இருந்தது. இத்தனை பேசிய நாளில் அந்த அமைதி இன்னும் பெரிசாக இருந்தது. சட்டைக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்ட வேண்டும் போல இருந்தது, ஆனால் திட்டுவதற்கு ஆள் இல்லை.

மறுநாள் காலை வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கதவைத் திறந்தால் கொழுந்தன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்நிய வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வண்டியில தண்ணி பாத்தேன். அளவு சரியா இருக்கு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சரி."

"துணி உங்ககிட்டதானே இருக்கு. வேற எப்படிச் சொல்றதுன்னு…"

"அது என் புருஷன் சட்டை, தர மாட்டேன். காலைத் தட்டிட்டு உள்ள வா."

வந்தான். அண்ணன் உட்காரும் நாற்காலி பக்கம் போய், சட்டென்று விலகி, சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். அவள் டீ வைத்தாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"அவ நம்பர் உன் போன்ல இருக்கா?"

யார் என்று அவன் கேட்கவில்லை. அழுத்திக் கையில் கொடுத்தான். அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, "சொல்லுங்க, என்ன இந்த நேரத்துல?" என்றது அந்தக் குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, மற்றபடி அதே குரல்தான். மேல்வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொடி வெள்ளையாக உறைந்து நின்றது.

"ஹலோ? கேக்குதா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?" பின்னால் ஒரு குழந்தை கத்தியது. பிறகு அந்தப் பக்கமும் சத்தம் அடங்கியது. பேசாமல் இருப்பதைக் கேட்டுப் பழகியவள் அல்லவா?

"அக்காவா?" என்றாள் மெதுவாக.

"காயாதுடி" என்றாள் மேல்வீட்டுக்காரி. "இன்னைக்குத் துணி காயாது. இங்க உறைபனி."